நுனியில் மட்டும் போட்ட அரம்

போன வாரம் பட்டறைப் பக்கம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த உங்களில் மூன்று பேர் கையுறை மாட்டிக்கொண்டு பெல்ட் கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை விட்டுப் போனவன் வந்த இடத்தில் வாயைத் திறந்தால் 'பெருசு ஆரம்பிச்சிடுச்சு' என்பீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கத்தியின் சரிவை எந்தக் கோணத்தில் இழைப்பது, எந்த பெல்ட்டுக்குப் பிறகு எந்த பெல்ட் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் மேஸ்திரி சொல்வார். சொல்லாவிட்டால் நாலு தகட்டைக் கெடுத்து நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. அந்தக் காலத்தில் பட்டறையில் இருந்த சிலருக்கு மட்டும் இது தெரியும். அவர்களில் யாரும் இப்போது அங்கே இல்லை.

நான் எண்பத்தொன்பதில் வேலைக்குச் சேர்ந்தேன். அவலூர்பேட்டை ரோட்டில் தகரக் கொட்டகை. முதலாளியம்மா கல்லாவையும் ஆர்டரையும் பார்த்துக்கொள்வார். துரைசாமி அண்ணன் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பதம் போட்டுக் கொடுப்பார். பதம் என்றால் உங்களுக்குத் தெரியும், தகட்டைச் சரியான சிவப்புக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்குவது. இப்போது உங்களுக்கு அதற்கு மீட்டர் வைத்த உலை இருக்கிறது. அவருக்கு இருந்ததெல்லாம் கண்தான். கொட்டகையின் மூலையில் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கி வைத்திருப்பார். வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு ஏமாற்றிவிடும். சிவப்பு கம்மியானால் இரும்புக்குக் கடினம் ஏறாது, ஜாஸ்தியானால் கண்ணாடி போல உடையும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கணத்தை அவர் கண் பிடிக்கும். அதற்கப்புறம் தகடு என்னிடம் வரும். நான் பெல்ட்டில் சரிவு இழைத்து, வெட்டுகிற ஓரமான வாயை எடுப்பேன்.

ஆறேழு வருஷத்தில் எனக்கு வேலைசுத்தக்காரன் என்று பெயர் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சரிவு ஒரே மாதிரி வரும், முதுகில் கோடு நேராக இருக்கும். வேலூரிலிருந்து ஆள் வந்து என் கைவேலையைப் பார்த்துவிட்டுப் போனதுண்டு. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கத்திரி வெயில் காலம். பக்ரீத்துக்கு முன்னால் மார்க்கெட் பக்கம் கறிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஆறு கத்தி கேட்டிருந்தார். பெருநாள் அன்று குர்பானி ஆடு அறுப்பதற்கு என்பதால் நாள் தள்ள முடியாது. கரண்ட் வரும், போகும். சென்னையிலிருந்து வரவேண்டிய புது பெல்ட் வரவில்லை. மாட்டியிருந்த பெல்ட்டில் மணல் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. தேய்ந்த பெல்ட் இரும்பை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு ஏறும். அதைவிட மோசம், முந்தின நாள் என் வலது கட்டைவிரலில் ஒரு கிழிசல். துணி சுற்றியிருந்தேன்.

நாங்கள் வெறும் விரலால் தகட்டை அழுத்திப் பிடித்துத்தான் இழைப்போம். இது வீரம் காட்டுவதற்கில்லை. சூடு இரும்பைக் கெடுப்பதற்கு முன்னால் விரல் பொறுக்காமல் எடுத்துவிடும். உடனே பக்கத்து வாளியில் முக்கிவிடுவோம். விரலில் துணி இருந்தால் விரலுக்குத் தெரியாது. பெல்ட்டில் துணியோ கையுறையோ மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போகும் என்பது வேறு விஷயம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து கத்தி ஒழுங்காக வந்தது. ஆறாவதில், கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று வாளியில் முக்காமலேயே இரண்டு தடவை அதிகமாக ஓட்டினேன். எடுத்துப் பார்த்தால் நுனியிலிருந்து நாலு விரல் தூரத்துக்கு வாயோரம் வைக்கோல் நிறம் ஓடி, கத்தரிப்பூ நிறமாகி, நீலமாக நின்றது. நீலம் என்றால் அந்த இடத்தில் பதம் செத்துவிட்டது. துரைசாமி அண்ணன் கொடுத்த கடினம் அங்கே போய்விட்டது. அந்தத் தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, 'அண்ணா, ஒண்ணு எரிஞ்சிடுச்சு, திரும்பப் பதம் போட்டுக் குடுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். அரை நாள் வேலை. அவர் திட்டக்கூட மாட்டார்.

நான் மெல்லிய பெல்ட்டை மாட்டி நீலத்தைத் துடைத்தெடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிறம்தான் போகும், இளகிய இரும்பு இளகியபடியே இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே ஐந்தோடு ஆறாவதாகச் சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். கறி வெட்டும்போது கொஞ்சம் மழுங்கும், சாணை பிடிக்கக் கொண்டுவருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெருநாளுக்கு மறுநாள் காலை பாய் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு முதலாளியம்மாவைப் பார்த்தார். வாய் நுனிப்பக்கம் மடங்கி, வெற்றிலை ஓரம் சுருண்ட மாதிரி இருந்தது.

"அஞ்சு கத்தி நல்லா கீதும்மா. இது பாதி அறுக்கறப்ப மடங்கிடுச்சு. வேற கத்திய எடுக்கறதுக்குள்ள ஆடு துடிச்சிடுச்சு" என்றார். மடங்கிய இடத்தை விரலால் தடவினார். "ஜீவனுக்கு நோவக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட வாங்கறோம். பெருநாள் அன்னிக்கு இப்படி ஆயிடுச்சுங்க."

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை, அரம் போட்டுப் பாரு."

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பதம் ஏறிய இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். ஏறாத இரும்பில் பிடிக்கும், துகள் உதிரும். பதமே தப்பு என்றால் நுனியிலிருந்து பிடிவரை எங்கே போட்டாலும் அரம் பிடிக்க வேண்டும். பெல்ட்டில் எரிந்திருந்தால் எரிந்த இடத்தில் மட்டும் பிடிக்கும், மற்ற இடத்தில் வழுக்கும். பிடியை ஒட்டிய அடிப்பக்கம் ஒரே ஒரு தடவை அரத்தை இழுத்திருந்தால் தப்பு யாருடையது என்று அந்த நிமிஷமே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

நான் நுனியில் மட்டும் போட்டேன். அரம் பிடித்தது.

"புடிக்குதும்மா" என்றேன்.

"பதம் ஏறலைன்னு அர்த்தமா?"

"அப்படித்தாம்மா தெரியுது."

துரைசாமி அண்ணன் படுதாவை விலக்கிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தார். அவரிடம் அரத்தைக் கொடு என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த வருஷம் பொங்கலிலிருந்தே அவருக்குப் பஸ்ஸின் போர்டு சரியாகத் தெரியவில்லை. 'ஏழுமலை, அது செங்கம் வண்டியா பாருப்பா' என்று என்னிடம்தான் கேட்பார். ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் வருகிற சின்னக் குறை. ஆனால் கண்ணை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் சொன்னதும் அவர் உடனே நம்பிவிட்டார். நம்புவார் என்று எனக்கும் தெரியும். இதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நானே நெனச்சேம்மா" என்றார். "கொஞ்ச நாளாவே கண்ணு சரியில்ல."

பாய்க்குச் சங்கடமாகிவிட்டது. "ஒரு கத்திதானே, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளியம்மா விடவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து சரியாக வந்து ஒன்று தப்பினால் பார்வை தடுமாறுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். "இனிமே பதத்துக்கு அம்பத்தூருக்கு அனுப்பிடலாம். அங்க ஃபர்னஸ் வெச்சிருக்காங்க. துரைசாமி, நீ அடிக்கற வேலைய மட்டும் பாரு" என்றார்.

"நெறம் பார்க்கத் தெரியாதவன் இன்னாத்துக்கும்மா அடிக்கணும்?" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் அவர் வீடு. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த மூன்று நாளும் நான் பெல்ட் முன்னால்தான் நின்றேன். உலை அணைந்து கிடந்தது. எத்தனை காரணம் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் குடும்பம் இருக்கிறது. அவருக்கு வயசாகிறது, எப்படியும் ஒரு நாள் நிற்க வேண்டியவர்தான். கண் உண்மையிலேயே மங்கியும் இருக்கலாம். ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை. ஏனென்றால் நான் இழைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவர் பதம் போட்டு வைத்துவிட்டுப் போன தகடுகள்.

நாலாம் நாள் பௌர்ணமி. மத்தியானம் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, அண்ணன் பதம் போட்டு மீதியிருந்த முப்பது தகட்டையும் சாக்கில் கட்டச் சொன்னார். அம்பத்தூரில் எல்லாவற்றையும் திரும்பக் காய்ச்சிப் புதிதாகப் பதம் போடப்போகிறார்கள். அவர் வேலை ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது என்பது மாதிரி இருந்தது. சாக்கை விரித்துவிட்டு அரத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. முப்பது தகட்டிலும் அடியில், நடுவில், நுனியில் என்று மூன்று இடத்தில் போட்டேன். முப்பதும் வழுக்கியது. ஒரு துகள்கூட உதிரவில்லை. சாக்கைக் கட்ட எனக்குக் கை வரவில்லை.

பாயின் கத்தியையும் அரத்தையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பௌர்ணமி என்பதால் பஸ் ஓடவில்லை. காஞ்சி ரோடு வழியாக நடந்தேன். மணி நாலு இருக்கும். வெயில் தாழாமலேயே கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. அவர்கள் எல்லோரும் மலையை வலம் வந்து ஊருக்குத் திரும்புகிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் எதிர்த்திசையில் போகிறேன். ஒரு அம்மா நிறுத்தி, "தம்பி, இந்தப் பக்கமா சுத்தக் கூடாதுப்பா" என்று அக்கறையாகச் சொன்னார். சுற்றவில்லை, ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

அடி அண்ணாமலையில் துரைசாமி அண்ணனின் சம்சாரம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டோரம் மோர்க்கடை போடுவார். அண்ணன் அங்கே பானைக்குப் பின்னால் உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். சுத்தியல் பிடிக்கிற கை, எவர்சில்வர் டம்ளரை மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கழுவியது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வா, வா. வெயில்ல நடந்தா வந்த? மோர் குடி" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "கண் டாக்டர்கிட்ட போனேன்ப்பா. கண்ணாடி ஒண்ணு போட்டுக்கோ, மத்தபடி கண்ணு நல்லா கீதுன்றாரு. டாக்டருக்கு இரும்பைப் பத்தி இன்னா தெரியும்?"

மோரை வாங்கவில்லை. துண்டைப் பிரித்துக் கத்தியையும் அரத்தையும் அவர் முன்னால் வைத்தேன். "அடியில போட்டுப் பாருங்கண்ணா" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அரத்தை எடுத்தார். பிடிப்பக்கம் ஒரு தடவை இழுத்தார். வழுக்கியது. அந்தச் சத்தம் அவருக்குப் போதும், ஆனாலும் நடுவில் போட்டார். வழுக்கியது. நுனிக்கு வந்ததும் பிடித்தது. திரும்ப அடிக்குப் போனார். மூன்று தடவை இப்படிச் செய்தார். பிறகு கத்தியை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். நுனியில் மட்டும் மினுமினுப்பு கூடுதலாக இருந்தது.

"நீலமா ஓடிச்சா?"

"ஆமாண்ணா."

"துடைச்சிட்ட."

"ஆமா."

"அன்னிக்கு அரம் போட்டியே, அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்ணா."

மோர் கேட்டு நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்ததும் என்னைப் பார்த்தார். "நாலு நாளா இந்த மனுஷனுக்குச் சோறு எறங்கல. அடுப்பு நெருப்பைப் பார்த்துக்கினு உக்காந்திருந்தாரு. இது செவப்பாடி, இது மஞ்சளாடின்னு என்னைக் கேக்கறாரு. நீ நல்லா இருப்பா" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை எப்படிச் சொன்னார் என்று எழுத்தில் கொண்டுவர முடியாது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கத்தியை அதே துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். "என்கிட்ட சொன்னா பத்தாது. அம்மாகிட்ட சொல்லு. பாய்கிட்ட சொல்லு" என்றார். டம்ளரைக் கழுவத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் என்ன திட்டினார் என்பது உங்களுக்கு வேண்டாம். எல்லாமே எனக்குத் தகும். தகடுகள் அம்பத்தூருக்குப் போகவில்லை. மறுநாள் பாயிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் மேல பழி போட்டுட்டு வந்துட்டனே நானு" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கடையை அப்படியே விட்டுவிட்டு அடி அண்ணாமலைக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார். செய்தவன் நான், மன்னிப்புக் கேட்கப் போனவர் அவர்.

முதலாளியம்மா என்னை அனுப்பிவிடத்தான் முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குத் திரும்பி வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. எனக்காகப் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "இவனை அனுப்பாதம்மா" என்றார். "அனுப்பிட்டா, என் கண்ணு நல்லா கீதுன்னு சொல்றதுக்கு ஆளு கெடையாது." அப்போது அதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று மட்டும் நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆறு மாதம் பெல்ட் பக்கமே போகக் கூடாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். கைப்பிடி மாட்டும் வேலைக்குப் போனேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலத்தைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போது அது ஒரு தகடு மட்டும்தான். துடைத்துவிட்டால் அது இன்னொருவர் தலையில் போய் உட்காரும். யாராவது அரம் போட்டுப் பார்க்கச் சொன்னால் எல்லா இடத்திலும் போடுங்கள், முக்கியமாக உங்களைக் காட்டிக்கொடுக்கிற இடத்தில். 'புடிக்குதும்மா' என்று நான் சொன்னது பொய் இல்லை. அரம் உண்மையிலேயே பிடித்தது. அப்படியும் ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. தப்பை ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். ஒப்புக்கொண்டவனுக்கு இறங்கும். அடுத்தவருக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டும் அல்லவா? அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அண்ணன் திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமையே ஒரு தகட்டை உலையில் வைத்தார். படுதாவுக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டார். கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். தகடு நெருப்பில் இருந்தது. இடுக்கியைப் பிடித்த கை உறுதியாகத்தான் இருந்தது.

"ஏழுமலை, நெறம் வந்துடுச்சா?"

அதற்கு முன்னால் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. நான் குனிந்து பார்த்தேன். "வந்துடுச்சுண்ணா" என்றேன். எண்ணெயில் முக்கினார். அரம் போட்டோம், மூன்று இடத்திலும் வழுக்கியது.

அவர் வேலையை நிறுத்தியது இரண்டாயிரத்து ஐந்தில். அதுவரைக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் என்னைக் கூப்பிட்டார். பெல்ட்டை நிறுத்திவிட்டுப் போவேன். அவர் கேட்பார், நான் வந்துவிட்டது என்று சொல்வேன். அந்தப் பத்து வருஷத்தில் அவர் கண் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒரு தடவைகூட அவர் கேட்காமல் முக்கவும் இல்லை.